கெமரும் ஸோங்காவும்: எழுத்தில் உறவு, பேச்சில் வேறு குடும்பம்

அங்கோர் வாட் போய் வந்தவர்களில் பலர், "அங்கே கல்லில் இருக்கும் எழுத்து நம் பழைய எழுத்து போலவே இருக்கிறது" என்று சொல்வதுண்டு. அந்தப் பேச்சு கொஞ்சம் வளர்ந்ததும், கம்போடியர் பேசும் கெமர் மொழியே தமிழிலிருந்து பிறந்தது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்ற ஆரம்பித்துவிடும். முதலில் சொன்னதில் உண்மை உண்டு. பின்னால் வந்தது தவறு. எழுத்து வேறு, மொழி வேறு. இதைப் புரிந்துகொள்ள, கெமரைப் பூட்டானின் தேசிய மொழியான ஸோங்காவின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வழி.

கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழி வந்தது. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவர் காலத்து எழுத்து கடல் கடந்து தென்கிழக்காசியா முழுவதும் பரவியது. கெமர் மொழியில் ஆண்டு பொறித்த மிகப் பழைய கல்வெட்டு கி.பி. 611-ஐச் சேர்ந்தது, அங்கோர் போரே என்ற ஊரில் கிடைத்தது. பழைய மலாய் மொழியில், பலெம்பாங் அருகே கிடைத்த 683-ஆம் ஆண்டு கெடுக்கான் புக்கிட் கல்வெட்டும் இதே பல்லவ எழுத்தில்தான் இருக்கிறது. எழுத்தை வைத்துக் கெமரைத் தமிழ் என்றால், மலாயையும் தமிழ் என்றுதான் சொல்ல வேண்டும்!

ஸோங்காவுக்குத் திபெத்திய எழுத்து. அது 7-ஆம் நூற்றாண்டில் இந்திய எழுத்துகளைப் பார்த்து அமைக்கப்பட்டது. தொன்மி சம்போட்டா என்ற அமைச்சர் இந்தியாவில் படித்துவிட்டு வந்து அமைத்தார் என்பது திபெத்திய மரபு. ஆக, இரண்டுக்கும் மூலம் பிராமிதான். இரண்டு நெடுங்கணக்கும் 'க'வில் தொடங்குகின்றன.

ஆனால் எழுதும் முறையில் இரண்டும் எதிரெதிர். ஸோங்காவில் ஒவ்வோர் அசைக்குப் பின்னும் ஒரு புள்ளி வைப்பார்கள். கெமரில் சொல்லுக்குச் சொல் இடைவெளியே கிடையாது. வரி நீளமாக ஓடும். மெய்கள் சேர்ந்து வந்தால் இரண்டாவதை முதலாவதன் அடியில் சிறியதாகத் தொங்கவிடுவார்கள். அதற்குப் பெயரே 'கால்'. ஸோங்காவின் சிக்கல் வேறு மாதிரி. எட்டு என்ற எண்ணை எழுத ப, ர, க, ய, த என ஐந்து மெய்கள் வேண்டும். வாயில் வருவதோ 'கே' என்ற ஓர் அசை. பழைய உச்சரிப்பு போய்விட்டது, எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் பாவம்.

குடும்பத்துக்கு வருவோம். கெமர் ஆஸ்திரோ-ஆசிய மொழி. நம் நாட்டிலேயே அதற்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பேராக், பகாங், கிளந்தான் காடுகளில் வாழும் செமாய், தெமியார் பூர்வக்குடியினரின் மொழிகள் இதே குடும்பம். மூக்குக்குக் கெமரில் 'ச்ரமொஹ்', தெமியாரில் 'மொஹ்'. ஸோங்காவோ திபெத்தியம், பர்மியம், சீனம் சேர்ந்த சீன-திபெத்தியக் குடும்பம். நம் தமிழ் திராவிடக் குடும்பம். மூன்றும் மூன்று வீடு.

வாக்கியத்தைப் பாருங்கள். 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்பது கெமரில் 'க்ஞோம் ஞாம் பாய்': நான், சாப்பிடு, சோறு. மலாயில் 'சாயா மாக்கான் நாசி' சொல்வது போலவே. ஸோங்காவில் 'ஙா, தோ, ஸா', அதாவது நான், சோறு, உண் என்ற வரிசை. தமிழைப் போல வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னால் ஒட்டும். எழுத்தில் நமக்கு நெருங்கியது கெமர், வாக்கிய அமைப்பில் நெருங்கியது ஸோங்கா. இந்த ஒற்றுமையை வைத்தும் உறவு கொண்டாட முடியாது. ஜப்பானிய மொழியிலும் வினை கடைசியில்தான் வருகிறது.

சோறு என்றதும் இன்னொன்று. கெமரில் நெல்லுக்கு 'ஸ்ரோவ்', அரிசிக்கு 'அங்கோ', சோற்றுக்கு 'பாய்'. நெல், அரிசி, சோறு என்று நாமும், பாடி, பெராஸ், நாசி என்று மலாய்க்காரரும் பிரிப்பது போலத்தான். நெல் விளையும் மண்ணில் ஒரே சொல் போதாது.

கடன் சொற்களில் கெமர் தாராளம். பாஷை அங்கே 'பியாசா', குரு 'க்ரூ', முகம் 'முக்'. நகரம் என்ற சொல்தான் திரிந்து 'அங்கோர்' ஆனது. இவையெல்லாம் சமஸ்கிருதமும் பாலியும் வழி வந்தவை. தமிழ்ச் சொற்கள் அல்ல. திபெத்தியர்கள் பௌத்த நூல்களைக் கொண்டுவந்தபோது பெரும்பாலும் சொல்லைக் கடன் வாங்காமல் பொருளைத் தம் மொழியில் பெயர்த்துக்கொண்டார்கள். அதனால் புத்தர் ஸோங்காவில் 'சங்கே', ஆசிரியர் 'லோபென்'.

மரியாதையிலும் இரண்டுக்கும் வழி வேறு. கெமரில் நண்பர் சாப்பிட்டால் 'ஞாம்', பெரியவர் என்றால் 'பிசா', பிக்கு என்றால் 'சான்', அரசர் என்றால் 'சாவோய்'. மலாயில் அரசருக்கு 'சந்தாப்' என்பதை நினைத்துக்கொள்ளலாம். ஸோங்காவில் பேச்சின் முடிவில் 'லா' சேர்த்தால் பணிவு, நம் 'ங்க' போல. வணக்கம் சொல்வது 'குஸுஸாங்போ லா'. நம் ஊர் 'லா'வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இன்றைய நிலை? கம்போடியாவில் பெரும்பாலோருக்குக் கெமர்தான் தாய்மொழி. 1943-இல் பிரெஞ்சு ஆட்சி கெமரை ரோமன் எழுத்தில் எழுத வைக்கப் பார்த்தது. பிக்குகள் கடுமையாக எதிர்த்தார்கள். 1945-இல் அது கைவிடப்பட்டது.

பூட்டானில் கதை வேறு. 'ஸோங்' என்றால் கோட்டை, 'கா' என்றால் மொழி. கோட்டைகளில் நிர்வாகத்துக்குப் புழங்கிய மேற்குப் பகுதி மொழி அது. கிழக்கில் சாங்லா, தெற்கில் நேப்பாளி என ஏறக்குறைய 19 மொழிகள் உள்ள நாட்டில், 1971-இல் அது தேசிய மொழியானது. ஆனாலும் பள்ளியில் பாடமொழி ஆங்கிலம். ஸோங்கா ஒரு பாடம் மட்டுமே. சிங்கப்பூர் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008-இல் வந்த பூட்டான் அரசியலமைப்புச் சட்டம் ஸோங்காவைத் தேசிய மொழி என்கிறது. அதே சட்டத்தின் ஸோங்கா வடிவத்துக்கும் ஆங்கில வடிவத்துக்கும் பொருள் மாறுபட்டால், இரண்டுக்கும் சம அதிகாரம்; நீதிமன்றம்தான் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.