டெண்ட்ரைட்: மரப்பெயரும் தமிழ்க் கலைச்சொல்லும்

பெசன்ட் நகரில் உள்ள டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம், அவர் மறைந்த மறு ஆண்டான 1943இல் தோற்றம் பெற்றது. அவர் 1889இல் பதிப்பித்த பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை யாழின் உறுப்புகளை வருணிக்கிறது. அங்கு ‘நரம்பு’ என்பது யாழின் தந்தி. அதே 1889இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்னும் உடற்கூற்றியலாளர் நரம்பணுவின் கிளைத்த நீட்சிகளுக்கு ‘டெண்ட்ரைட்’ எனப் பெயரிட்டார். இரு நிகழ்வுகளும் ஓராண்டில் அமைந்தது தற்செயலே. எனினும் அந்நீட்சிக்குத் தமிழ்ப்பெயர் தேடுவோர் ‘நரம்பு’ என்னும் சொல்லின் பழம்பொருளைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது.

கிரேக்கத்தில் ‘டெண்ட்ரான்’ என்றால் மரம். ஆட்டோ டைட்டர்ஸ் மறைந்தபின் 1865இல் வெளிவந்த நூல், இந்நீட்சிகளை ஆக்சானிலிருந்து பிரித்துக்காட்டி, ‘புரோட்டோபிளாச நீட்சிகள்’ என்றே சுட்டியது. இவற்றின் பணி குறித்துப் பின்னர்க் கருத்து வேறுபாடு எழுந்தது. கோல்கி இவை அணுவுக்கு ஊட்டம் தருவன என்றார். கஹால் இவை துடிப்பை ஏற்பன என்றார். 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட இருவரும் அம்மேடையிலும் உடன்படவில்லை. ஹிஸ் சூட்டிய பெயரோ வடிவத்தை மட்டுமே சொன்னது. ‘ஊட்டிழை’ என்பது போன்ற ஒரு பெயர் அன்று நிலைபெற்றிருப்பின், கஹால் கருத்து வென்றபின் அது பொய்ப்பெயராகியிருக்கும்.

தமிழில் உடற்கூற்றியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன். அவரது ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. ஆகவே ஹிஸ் தந்த பெயர் அதில் இடம்பெற வாய்ப்பில்லை. பின்வந்தோர்க்குச் சிக்கல் ‘நரம்பு’ என்னும் சொல்லிலேயே தொடங்குகிறது. யாழ்த்தந்தி, இலையின் நரம்பு, உணர்வு கடத்தும் நரம்பு என அச்சொல் விரிகிறது. பேச்சுவழக்கிலோ ‘நரம்பு ஊசி’ போடப்படுவது இரத்தக் குழாயில்! இந்நிலையில் ‘நரம்புக்கிளை’ என்றால், கண்ணுக்குப் புலனாகும் நரம்பொன்றின் கிளை என்றே மாணவர் கொள்வர். ஓர் அணுவின் நுண்ணிய நீட்சி என்று கொள்ளார். மூலப்பொருளை அப்படியே தரும் ‘மரவிழை’ மரக்கட்டையின் நாரை நினைவூட்டிவிடும்.

தமிழகப் பாடநூல்கள் ‘டெண்ட்ரைட்’ என்றே எழுதுகின்றன. இதனால் பொருள்மயக்கம் இல்லை. ஆனால் கிரேக்கம் அறியாத மாணவர்க்கு அச்சொல் வெறும் ஒலி. ‘கிளையிழை’ மரத்தை இழந்தாலும் வடிவத்தைக் காக்கிறது. பணி குறித்து எதையும் முன்முடிவாகக் கூறுவதுமில்லை. ஒலிபெயர்ப்பை அடைப்புக்குறிக்குள் தந்து, ‘கிளையிழை’யை முதற்சொல்லாகப் பாடநூல்கள் ஆளலாம்.