நாலு ஆளுக்குச் சமானம்

நடவு வயலில் கை வேகமான பெண்ணைப் பார்த்து, "அவ ஒருத்தி நாலு ஆளுக்குச் சமானம்" என்பார்கள். தராசில் ஏற்றிப் பார்த்துச் சொன்னதல்ல. முடிந்த வேலையைப் பார்த்துச் சொன்னது. கோயில் துலாபாரத்தில் குழந்தைக்கு ஈடாக வெல்லம் ஏற்றும்போதுதான் எடைக்கு எடை. வேதியியலின் சமான எடை வயலைச் சேர்ந்தது, துலாபாரத்தைச் சேர்ந்ததல்ல. பெயரில் ‘எடை’ இருப்பதால் மாணவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். இலங்கைத் தமிழில் இதைச் ‘சமவலு’ என்பார்கள். அந்தச் சொல்லின்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. எதில் சமம் என்பதை அது சொல்லிவிடுகிறது.

8 கிராம் ஆக்சிஜனோடு சேரும் அளவு எதுவோ, அதுவே ஒரு தனிமத்தின் சமான எடை. மக்னீசியத்துக்கு 12, வெள்ளிக்கு ஏறத்தாழ 108. ஒரு பங்கு மக்னீசியம் செய்யும் வேலைக்கு வெள்ளி ஒன்பது பங்கு வேண்டும்.

ஆய்வுக்கூட மேசையில் ஒரு லிட்டர் குடுவைகள் மூன்றை வையுங்கள். ஒன்றில் 6.3 கிராம் ஆக்சாலிக் அமிலப் படிகம், அடுத்ததில் 4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, மூன்றாவதில் 3.16 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட். லிட்டர் கோடு வரை நீர் விட்டுக் கரைத்தால் மூன்றும் 0.1 நார்மல், அதாவது லிட்டருக்குச் சமான எடையில் பத்தில் ஒரு பங்கு. பிப்பெட்டில் 20 மி.லி. அமிலம் எடுத்து, பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து காரத்தை இறக்கினால் 20 மி.லி. வந்ததும் ஒரே சொட்டில் இளஞ்சிவப்பு படியும். இன்னொரு 20 மி.லி. அமிலத்தில் நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, சூடாக்கி, பெர்மாங்கனேட்டை இறக்குங்கள். முதல் சொட்டுகளின் நிறம் மறையத் தயங்கும். பிறகு விறுவிறுவென மறையும். கடைசியில் அதே 20 மி.லி.யில் நிறம் நிலைக்கும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

ஒரு எச்சரிக்கை. அமிலக் கரைசலில் 31.6 ஆக இருக்கும் பெர்மாங்கனேட்டின் சமான எடை, நடுநிலைக் கரைசலில் 52.7 ஆகிவிடும். அங்கே அது ஐந்து எலெக்ட்ரான்களை ஏற்கிறது, இங்கே மூன்றை. வேலை மாறினால் சமானமும் மாறும். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் இன்று மோலையே முன்னிறுத்துகிறார்கள். காரணம் நியாயமானதே. ஆனால் பாடத்திலிருந்தே சமான எடையை எடுத்துவிடுவது சரியென்று நான் நினைக்கவில்லை. இண்டியத்தின் சமான எடை சுமார் 38 என்று தெரிந்தும், இணைதிறன் 2 என்று கொண்டு அணு எடையை 76 என்றே எழுதிவந்தார்கள். தனிம அட்டவணையில் ஆர்சனிக்குக்கும் செலினியத்துக்கும் நடுவே அதற்கு இடமில்லை என்று கண்ட மெண்டலீவ், இணைதிறனை 3 ஆக்கி 114 என்று திருத்தி, காட்மியத்துக்கும் வெள்ளீயத்துக்கும் இடையில் அமர்த்தினார். சோதனையில் கிடைத்த 38 என்ற எண்ணை அவர் மாற்றவில்லை.

மருத்துவமனையில் சமானம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியத்துக்கு எதிரே 3.5 முதல் 5 வரை என்று இருப்பது லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட் கணக்கு. 23 மி.கி. சோடியமும் 39 மி.கி. பொட்டாசியமும் 20 மி.கி. கால்சியமும் அங்கே ஒன்றுக்கொன்று சமம். சோடியத்தின் எண்ணிலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்து மீதியைப் பார்க்கிறார் மருத்துவர். நீரிழிவு முற்றியவரிடம் அந்த மீதி வழக்கத்தைவிடப் பெருகியிருந்தால், இரத்தத்தில் கீட்டோ அமிலங்கள் சேர்ந்துவிட்டனவா என்று தேடுகிறார். மில்லிகிராமிலேயே எழுதியிருந்தால் அந்தக் கழித்தலுக்குப் பொருளே இராது.