மிஸ்ரிலிருந்து விறாந்தைக்கு: முஸ்லிம் தமிழ் நாவலில் குறியீடு வந்த வழி

சென்ற தவணையில் தரம் பத்து மாணவர்களுக்கு இலக்கிய நயம் கற்பித்துக்கொண்டிருந்தேன். குறியீடு என்றால் என்ன என்பதை விளக்கிவிட்டு, ஆளுக்கொரு குறியீட்டை எழுதித் தருமாறு கேட்டேன். வந்த தாள்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியானவை. புறா சமாதானம், ரோஜா காதல், மெழுகுவர்த்தி தியாகம். பாடநூலும் பத்திரிகையும் கொடுத்ததைப் பிள்ளைகள் திருப்பித் தந்திருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் "உம்மும்மாட திறப்பு" என்று எழுதியிருந்தாள். வேறொரு சொல்லும் இல்லை.

அவளை அழைத்து, அது எந்தப் பூட்டின் திறப்பு என்று கேட்டேன். "மன்னார் வீட்டுட திறப்பு சேர். அந்த வீடு இப்ப இல்ல, கதவும் இல்ல. திறப்பு மட்டும்தான் பெட்டிக்குள்ள இருக்கு" என்றாள்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் எமது புத்தளம் மாவட்டத்துக்கே வந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. நனைந்த பாயும் குழந்தைகளுமாக அவர்கள் வந்ததை இன்றும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்களின் மடியில் திறப்புகள் இருந்தன என்பது அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் என் நினைவுக்கு எட்டியது.

தன் வீட்டுப் பொருள் ஒன்றைக் கையில் எடுத்து, அதில் ஒரு சமூகத்தின் கதை இருக்கிறது என்று காட்ட அந்த மாணவிக்கு இரண்டு சொற்கள் போதுமாயிருந்தன. முஸ்லிம் தமிழ் நாவல் அந்த இடத்துக்கு வந்துசேர நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. அந்தப் பயணத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். உவமை ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும். படிமம் ஒரு காட்சியை, ஒலியை, வாசத்தை மனத்தில் பதியவைக்கும். குறியீடோ தானும் ஒரு பொருளாக இருந்துகொண்டு தன்னைவிடப் பெரிய ஒன்றையும் சுமக்கும். இவை மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. சொல்லவந்ததை வெளிப்படையாகக் கூறாமல் நிலத்தின் கருப்பொருள்களுக்குள் வைத்துக் கூறும் முறையைத் தொல்காப்பியம் உள்ளுறை என்று பெயரிட்டு வகுத்திருக்கிறது.

வாழ்க்கையிலும் குறியீடு இப்படித்தான் பிறக்கிறது. எகிப்தில் பிரித்தானியருக்கு எதிராகப் போராடித் தோற்ற ஒறாபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். அவரும் அவருடைய தோழர்களும் அணிந்திருந்த துருக்கித் தொப்பி எமது முன்னோர் மத்தியில் பரவியது. அதுவரை அது ஒரு தலையணி மாத்திரமே. 1905இல் அத்தொப்பியோடு உயர்நீதிமன்றத்தில் தோன்றக்கூடாது என்று சட்டத்தரணி எம்.சீ. அப்துல் காதர் தடுக்கப்பட்டபோது, நாடெங்கும் முஸ்லிம்கள் கூடிக் குரல்கொடுத்தனர். ஒரு துணித்தொப்பி ஒரு சமூகத்தின் மானமாக மாறியது. யாரும் அதைக் குறியீடாக்கத் திட்டமிடவில்லை. அன்றாடம் அணிந்த பொருள்மீது ஒரு நெருக்கடி வந்து விழுந்தது, அவ்வளவே. நாவலிலும் இதுவே நிகழ்கிறது.

இனி இலக்கியத்துக்கு வருவோம். பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடியபோது, காப்பிய மரபின்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் அமைத்தார். பாலைநிலமான அரபு நாட்டில் தமிழ்நாட்டு மழை பெய்தது, ஆறு பெருகியது, வயல் விளைந்தது. இதைப் பிழை என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. தான் காணாத புனித பூமியைத் தான் அறிந்த நிலத்தின் படிமங்களால் அன்போடு அலங்கரித்தார் புலவர். நபிகளாரின் வரலாறு தமிழ் முஸ்லிமின் வீட்டுக்குள் வர அந்த வயலும் மழையுமே வழியமைத்தன.

இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, உரைநடையில் வந்த முதல் முயற்சி எதிர்த்திசையில் சென்றது. கண்டியில் 1838இல் பிறந்த சட்டத்தரணி முகம்மது காசிம் சித்திலெப்பை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். முஸ்லிம் கல்விக்காக வாழ்நாளைச் செலவிட்டவர். அவருடைய 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' வெளிவந்து ஆறே ஆண்டுகளில் எழுந்த இதுவே ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் இக்கதை எகிப்திலும் இந்தியாவிலுமாக நடக்கிறது. கண்டியின் குளிரோ கொழும்பின் கடைத்தெருவோ கதையின் களமாகவில்லை.

இதற்குக் காரணம் இருந்தது. ஆங்கிலக் கல்வியில் பின்தங்கி, கடைக்கும் வயலுக்கும் இடையில் ஒடுங்கிக்கிடந்த ஒரு சமூகத்துக்கு, 'நீயும் உலகத்தில் ஒருவன்' என்று காட்ட சித்திலெப்பை விரும்பினார். அதற்கு மிஸ்ர் தேசம் தேவைப்பட்டது. கடத்தப்பட்டு, துன்பங்களைக் கடந்து, அறிவாலும் நற்குணத்தாலும் உயரும் அசன் ஒரு முன்மாதிரி. அந்நாவலில் பொருள்கள் பேசுவதில்லை, குணங்களே பேசுகின்றன. நல்லவன் நல்லவனாகவும் தீயவன் தீயவனாகவும் வருவதால் குறியீட்டுக்கு அங்கே வேலையில்லை. அது அந்நாவலின் குறையன்று, அதன் காலத்தின் தேவை. ஒரு சமூகம் தன்னை விமர்சிக்கத் தொடங்கும்போதே அதற்குக் குறியீடு அவசியமாகிறது. வாய்விட்டுச் சொன்னால் ஊர் தாங்காது என்ற நிலையில்தான் எழுத்தாளன் ஒரு கதிரையையோ பிரம்பையோ பேசவைக்கிறான்.

இந்த வித்தையில் எமக்கு முன்னால் போனவர் அண்டைமொழிக்காரர் ஒருவர். மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீர் 1951இல் எழுதிய 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' தமிழிலும் வந்திருக்கிறது. நொடிந்துபோன குடும்பத்துத் தாய் குஞ்ஞுத்தாச்சும்மா, மிதியடி போட்டுக்கொண்டு, தன் வாப்பாவிடம் கொம்பானை இருந்ததென்று சொல்லிச் சொல்லியே வாழ்கிறாள். கதையின் முடிவில் தெருப்பிள்ளைகள் அந்த ஆனை வெறும் குழியானை என்று கேலிசெய்கிறார்கள். மணலில் குழிபறித்துக் கிடக்கும் சின்னப் பூச்சி! ஒரு சமூகத்தின் பழம்பெருமை முழுவதும் அந்த ஒரு சொல்லில் சரிந்துவிடுகிறது. பஷீர் எவரையும் திட்டவில்லை. ஆனையைப் பூச்சியாக்கினார், போதும்.

அதே மலையாள வாடை வீசும் கரையிலிருந்து தமிழுக்கு வந்தவர் தோப்பில் முஹம்மது மீரான். கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்து, வற்றல் மிளகாய் வியாபாரம் செய்தபடி எழுதி, 2019இல் மறைந்தார். அவருடைய முதல் நாவலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் நூலாக வந்தது. அதில் இரண்டு கட்டடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று அகமதுக்கண்ணு முதலாளியின் வடக்கு வீடு. மற்றது மெஹபூப்கான் என்ற ஆசிரியர் தொடங்கும் ஆங்கிலப் பாடசாலை. ஊரை ஆளும் வீடு பாடசாலையை மார்க்கத்தின் பெயரால் எதிர்க்கிறது. கதை நகர நகர, வெளியே அசையாமல் நிற்கும் வீடு உள்ளே உடைந்துகொண்டு போகிறது. வீடும் பாடசாலையும் அங்கே கதை நடக்கும் இடங்களாக மாத்திரம் இல்லை. நாவலின் எலும்புக்கூடே அவைதாம். எத்தாளையிலும் அயலூர்களிலும் பாடசாலைக் கட்டடத்துக்காக அலைந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

அவருக்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த 'சாய்வு நாற்காலி'யில் இவ்வுத்தி முழு வளர்ச்சி பெறுகிறது. சாய்வு நாற்காலி என்றால் நாம் சொல்லும் சாய்மனைக் கதிரைதான். எமது பழைய வீடுகளின் விறாந்தைகளில் இன்றும் ஒன்றிரண்டு கிடக்கின்றன. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் தயவைப் பெற்ற மூதாதையரின் பெருமையைச் சுமந்துகொண்டு, சௌதா மன்ஸில் என்ற வீட்டில் முஸ்தபாக்கண்ணு அதில் சாய்ந்துகிடக்கிறார். உழைப்பு இல்லை. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. சோற்றுக்கு வழியில்லாத மனைவி மரியம் பீவி அவருடைய கோபத்தையும் சேர்த்துச் சுமக்கிறாள்.

இந்தக் கதிரை நாவலை எப்படி உருவாக்குகிறது என்று கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அது ஓய்வெடுக்கும் ஒரு தளபாடம். சிறிது தூரம் போனதும் அதுவே குடும்பத்தின் சிம்மாசனம். இன்னும் வாசிக்கும்போது, எழும்ப முடியாத ஒரு மனிதனைப் பிடித்துவைத்திருக்கும் பொறி. பொருள் மாறவில்லை, நாம் அதைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. நாயகன் அசையாததால் கதையும் முன்னோக்கி ஓடாமல் பழைய தலைமுறைகளுக்குள் பின்னோக்கிப் போகிறது. கதிரையின் இயல்பே நாவலின் அமைப்பாகிவிட்டது. உத்தி என்பது மேலே பூசும் வர்ணம் என்று எண்ணுவோருக்கு இதுவே பதில்.

அதே வீட்டில் இன்னொரு பொருள் உண்டு: அதபு பிரம்பு. அதபு என்றால் ஒழுக்கம், மரியாதை. பெண்களை அடிக்க வழிவழியாக வைத்திருந்த பிரம்புக்கு அந்த வீடு சூட்டிய பெயர் ஒழுக்கம்! பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமை பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் அந்தப் பெயர் செய்ததைச் செய்திருக்காது. எனது சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுற்றுநிருபம் பிரம்பைத் தடைசெய்த பிறகும் என் மேசையில் ஒன்று கிடந்தது. 'பிள்ளைகளின் ஒழுங்குக்காக' என்று நானும் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தேன். இந்த நாவலை வாசித்து முடித்த வாரத்தில் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடி கட்ட நட்டுவிட்டேன். சுற்றுநிருபத்தால் முடியாததை நாவலில் வந்த ஒரு பொருள் செய்தது.

மீரானின் பெண்கள் விறாந்தையிலிருந்து பார்க்கப்பட்டவர்கள். வீட்டின் உட்புறத்தை உள்ளிருந்தே எழுதியவர் சல்மா. 2004இல் வெளிவந்த 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யில் குறியீடு பொருளாக இல்லாமல் பொழுதாக வருகிறது. இரண்டாம் ஜாமம் என்பது ஊர் அடங்கி, ஆண்கள் உறங்கும் நேரம். பகலுக்குச் சொந்தமில்லாத பேச்சுகள் அப்போதே பிறக்கும். தலைப்பை வாசித்ததுமே, பகல் யாருடையது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. அந்நாவலின் வெளிப்படையான பேச்சு எம்மவர் பலருக்கு உவப்பாக இருக்கவில்லை என்பதை அறிவேன். ஆயினும் அத்தலைப்புக் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

ஆக, சீறாவில் எமது நிலம் அரபு நாட்டுக்குப் போனது. அசன்பேயில் எமது மனம் மிஸ்ருக்குப் போனது. மீரானிலும் சல்மாவிலும் கதை வீட்டுக்குத் திரும்பிவந்து, கதிரையிலும் பிரம்பிலும் இரவுப் பொழுதிலும் தன்னைத் தானே பார்த்துக்கொண்டது. அன்பில் தொடங்கி, அறிவுரையைக் கடந்து, தன்விமர்சனத்தில் வந்துநிற்கும் வழி இது.

எமது கரையில் எழுதவரும் இளைஞர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. அவர்களுடைய கதைகளில் பிறையும் புறாவும் ஒட்டகமும் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். ஒட்டகத்தை அவர்கள் கண்டதில்லை. கற்பிட்டி வீதியில் கேட்பாரற்றுத் திரியும் கழுதைகளை நாளாந்தம் காண்கிறார்கள், எழுதுவதில்லை. களப்பும் உப்பளமும் கரைவலையும் மீன்வாடியும், மணலில் நீரூற்றி வளர்க்கும் மிளகாயும் இங்கே இருக்கின்றன. 2011இல் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி வெகுதூரத்திலிருந்தே தெரிகிறது. உயரமாக இருப்பதால் மட்டும் அது குறியீடாகிவிடாது. அதன் கீழே தோட்டம் செய்கிறவனின் ஒரு நாள் வாழ்க்கையில் அது என்னவாக இருக்கிறது என்று எழுதினால், தானே ஆகும்.

யாவற்றிலும் அவசரமானது அந்தத் திறப்பு. யுத்தம் 2009இல் முடிந்தது. சிலர் திரும்பிப் போனார்கள், பலர் இங்கேயே வேரூன்றிவிட்டார்கள். வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்த தலைமுறை ஒவ்வொருவராக மையவாடிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களோடு கதையும் போய்விட்டால், பேரப்பிள்ளைகளின் பெட்டியில் மிஞ்சுவது பழைய இரும்புதான். கதை தெரிந்தவர் இருக்கும்வரையே ஒரு பொருள் குறியீடாக இருக்கும்.

அத்திறப்பை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுவர முடியுமா என்று அம்மாணவியிடம் கேட்டேன். "உம்மும்மா தரமாட்டா சேர். நீங்க வேணுமெண்டா வீட்டுக்கு வந்து பாருங்க" என்றாள். வருகிற விடுமுறையில், இரண்டு மாணவர்களையும் ஒரு கொப்பியையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன். ஏனைய ஊர்களிலுள்ள ஆசிரிய நண்பர்களும் தத்தம் அயலில் அப்படியொரு வீட்டைத் தேடிப் போகவேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.