தணிக்கைக் கூலி யார் கையிலிருந்து?

பிரெஞ்சு வழியில் படித்த எனக்குத் தணிக்கை என்றால் 1807-ல் நெப்போலியன் ஏற்படுத்திய 'கூர் தே கோன்த்' என்னும் கணக்கு நீதிமன்றம்தான் நினைவுக்கு வரும். அதன் செலவு அரசாங்கத்துடையது. வீடு கட்ட அனுமதி கொடுக்கும் அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்த பிறகு, தணிக்கைக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. "நம் குற்றத்தைக் கண்டுபிடிக்க நாமே கூலி கொடுப்பதா சார்?" என்று தலைமை எழுத்தரைக் கேட்டேன். "இது இங்கிலீஷ்காரன் வழி தம்பி" என்று சிரித்தார்.

ஓய்வு பெற்ற பிறகுதான் அந்த வழியைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் 1844-ல் மாவட்டத் தணிக்கையாளர் பதவி வந்தது. ஏழைகள் நிவாரண நிதியைச் செலவிட்ட நிர்வாகக் குழுக்களின் தலைவர்களே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களின் கணக்கில் எவர் துணிந்து சிவப்பு மை வைப்பார்? 1868-ல் நியமனம் மேலிடத்துக்குப் போனது. 1875-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம், புதுக் கட்டடங்களுக்கு விதி வகுத்து வரைபடம் கேட்கும் அதிகாரத்தை நகரச் சுகாதார அமைப்புகளுக்குக் கொடுத்தது. நகராட்சி அந்தஸ்து பெறாத ஊர்களில் அவற்றின் கணக்கையும் இதே தணிக்கையாளர்தான் பார்த்தார். 1879-ல் இன்னொரு மாற்றம் வந்தது. தணிக்கைக்குப் போகும் கணக்கில், செலவின் அளவுக்கு ஏற்ற முத்திரைக் கட்டணத்தை உள்ளூர் அமைப்பு செலுத்தவேண்டும். அந்தப் பணம் அரசுக்குப் போகும். தணிக்கையாளருக்குச் சம்பளம் அரசிடமிருந்து வரும்.

இங்கேயும் அதே கருத்துதான். நம் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் சம்பளமும் அவர் அலுவலகச் செலவும் இந்தியத் தொகுப்பு நிதியின் பொறுப்பு என்று அரசியலமைப்பு சொல்கிறது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு தடவை, "கட்டணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், ஆட்சேபணைகள் குறையும்" என்று ஒரு மேலதிகாரி யோசனை சொன்னார். பணம் போகவில்லை. ஆனால் தணிக்கைக்காரர்கள் சொன்ன தேதியில் வந்துவிட்டார்கள். மாடிக்கான பரப்பைச் சேர்க்காமல் குறைந்த கட்டணம் வாங்கிய ஒரு கோப்பை எடுத்தார்கள். கணக்குப் போட்டிருந்தது என் கையெழுத்து. வித்தியாசத்தை என் சம்பளத்தில் பிடித்தார்கள். அன்றைக்குக் கோபம் வந்தது.

இன்றைக்கு நினைத்தால், அந்தக் கட்டணமே அவர்கள் வயிற்றுப்பாடாக இருந்திருந்தால் என் தவறு கோப்போடு கோப்பாகப் போயிருக்கும். அதற்கான நஷ்டம், அனுமதிக்காக வரிசையில் நின்று ஒழுங்காகப் பணம் கட்டினவர்கள் தலையில்தான் விழுந்திருக்கும்.