வீட்டுக் கணினியில் பிறந்த தாவல் விளையாட்டுகள்

அரசர்களின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையுமே வரலாறு என்று நம்மிற் பலர் கருதி வருகின்றோம். மக்கள் எதனை உண்டனர், எதனை உடுத்தனர், ஓய்ந்த வேளையில் எதனை விளையாடினர் என்பனவும் வரலாறே ஆகும். கண்டி நாட்டுச் சிங்களக் குடும்பங்களிற் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஒலிந்தப் பலகை வெளியே வரும். அதனோடு நெருங்கிய உறவுடைய குழிப்பலகை தமிழர் இல்லங்களிற் பல்லாங்குழி எனப் பெயர் பெறும். இவ்விளையாட்டுகளை முதன்முதல் ஆக்கியோர் யாவர் என்று கேட்டால் விடை கூற எவராலும் இயலாது. ஆக்கியோன் மறைந்தான், ஆட்டம் நின்றது.

ஆயினும் நம் காலத்திலேயே பிறந்து, ஆக்கியோரின் பெயரையும் ஊரையும் நாம் அறியக்கூடிய விளையாட்டு வகையொன்று உண்டு. வீட்டுக் கணினிகளில் 1980களின் தொடக்கத்தில் தோன்றிய தாவல் விளையாட்டே அது. ஆங்கிலத்திற் பிளாட்போம் விளையாட்டு என்பர். திரையில் மேலும் கீழுமாகப் பல தளங்கள் அமைந்திருக்கும். சிறிய மனித உருவமொன்று ஓடியும், ஏணியில் ஏறியும், இடைவெளிகளைத் தாவியும், பகையுருவங்களிற்குத் தப்பியும் மேலே செல்லல் வேண்டும். வைகுண்ட ஏகாதசி இரவில் நம்மவர் ஆடும் பரமபதத்திலும் ஏணி உண்டு, ஏற்றம் உண்டு, வீழ்ச்சியும் உண்டு. ஆனால் அங்கே உருளும் தாயக்கட்டை நம்மை ஏற்றும் அல்லது இறக்கும். இங்கே ஏற்றமும் வீழ்ச்சியும் ஆடுவோன் தாவும் கணத்தைப் பொறுத்தவை. விதியின் இடத்தைக் கைத்திறன் பெற்றுக்கொண்டது.

இவ்வகை முதலிற் காசு போட்டு ஆடும் கடை இயந்திரங்களிலே தோன்றியது. 1980ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்பேஸ் பனிக்' என்பதில் தளங்களும் ஏணிகளும் இருந்தன; தாவுதல் இல்லை. 1981இல் ஜப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோவிற்காகச் சிகெரு மியமோட்டோ அமைத்த 'டொங்கி கொங்' தாவுதலையும் சேர்த்தது. அதில் ஏணியேறிய சிறிய தச்சனே பின்னர் மரியோ என்னும் பெயரோடு உலகெங்கும் அறிமுகமானான்.

கடை இயந்திரத்திலிருந்து வீட்டிற்கு வந்த வழியே நமக்கு முக்கியமானது. 1982ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இங்கிலாந்தின் சின்கிளேயர் நிறுவனம் 'ஸ்பெக்ட்ரம்' என்னும் சிறு கணினியை வெளியிட்டது. 48 கிலோபைட் நினைவகம் உடைய வகையின் விலை 175 பவுண். அதற்குத் தனித்திரை இல்லை. வீட்டுத் தொலைக்காட்சியே திரை. நிரல்களைச் சேமிப்பதற்குப் பாட்டுக் கேட்கும் கசெட் கருவியே போதும். இலங்கையில் ரூபவாஹினி தன் ஒளிபரப்பைத் தொடங்கியதும் அதே 1982ஆம் ஆண்டிலேதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இயந்திரம் எத்துணை எளிய பொருள்களை நம்பி நின்றது என்பது விளங்கும்.

எளிமைக்கு விலையும் உண்டு. திரையில் அகலவாட்டில் 256 புள்ளிகள், உயரவாட்டில் 192 புள்ளிகள்; அவ்வளவே. எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிறங்களுக்கு மேல் இடம்பெற இயலாது. ஒலிக்கு ஒரேயொரு சிறு ஒலிபெருக்கி. இத்தகைய வறுமையான கருவியிலே ஒருவன் உலகமொன்றைப் படைத்தான் என்றால் அதனை எங்ஙனம் செய்தான் என்று ஆராய்வது பயனுடையதாகும்.

அவன் பெயர் மத்தியூ ஸ்மித். லிவர்பூல் நகருக்கு எதிர்க்கரையிலுள்ள வாலசி என்னும் ஊரிலே வாழ்ந்தவன், வயது பதினேழு. அமெரிக்கரான பில் ஹோக் 1982இல் எழுதிய 'மைனர் 2049' என்னும் சுரங்க விளையாட்டு அவனுக்குத் தூண்டுகோலாயிற்று. ஏறக்குறைய எட்டு வாரங்களில் தன் விளையாட்டை அவன் தனியொருவனாகவே எழுதி முடித்தான். 'மனிக் மைனர்' என்ற பெயருடன் 1983ஆம் ஆண்டில் அதனை லிவர்பூலின் பக்-பைட் நிறுவனம் வெளியிட்டது. வில்லி என்னும் சுரங்கத் தொழிலாளி, காற்றுத் தீருமுன் இருபது குகைகளைக் கடக்க வேண்டும். ஒருமுறை தாவிவிட்டால் நடுவானில் திசை மாற்ற இயலாது. எனவே தாவுமுன் எண்ணியாக வேண்டும்.

நேயர்களே, அந்தக் குகைகள் அமைந்த முறையைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குகை 32 நிரலும் 16 வரிசையும் கொண்டது. மொத்தம் 512 கட்டங்கள். கட்டத்திற்கு ஒரு பைட்டு வீதம் 512 பைட்டில் குகையின் வரைபடம் அடங்கிவிடும். அதன் பெயர், தரையின் வடிவம், பகையுருவங்களின் நடமாட்டம், வெளியேறும் வாயில் ஆகிய அனைத்திற்கும் இன்னொரு 512 பைட்டு. ஆகவே ஒரு குகைக்கு 1024 பைட்டு. இருபது குகைகளுக்கும் 20 கிலோபைட். வில்லியின் உருவமோ பதினாறுக்குப் பதினாறு புள்ளிச் சதுரத்தில் அடங்குவது. இடப்புறமும் வலப்புறமும் நடக்கும் எட்டு நிலைகளுக்கும் சேர்த்து 256 பைட்டே செலவாயிற்று. ஒற்றை ஒலிபெருக்கியைக் கொண்டே, உருவங்கள் அசையும்போதும் இடைவிடாமல் இசை ஒலிக்குமாறு செய்தான். ஸ்பெக்ட்ரத்தில் அது அந்நாளிற் புதுமை.

சிறிய எல்லைக்குள் பெரிய கலை என்பது கண்டியைச் சூழ வாழும் நமக்குப் புதிய செய்தியன்று. உடுநுவரையிலுள்ள எம்பக்க தேவாலயத்தின் மண்டபத்திற்குச் சென்றவர் மரத்தூண்களைக் கண்டிருப்பர். கம்பளை அரசர் காலத்தைச் சேர்ந்த அவ்வாலயத்தில், தூணின் ஒவ்வொரு முகத்திலும் சிறு சதுரம். ஒன்றில் கழுத்துப் பின்னிய அன்னங்கள், ஒன்றில் மல்லர், ஒன்றில் குழந்தைக்குப் பாலூட்டும் தாய், மற்றொன்றில் இருதலைப் புள். சதுரம் பெரிதாக வேண்டும் என்று சிற்பி கேட்கவில்லை. எதனை விடுவது என்பதை அறிந்தே எதனைச் செதுக்குவது என்று தீர்மானித்தான். நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவிட்ட இளைஞனின் மனநிலையும் அதற்கு அயலானதன்று.

ஆயினும் தனியொருவன் ஆக்கத்திற்குத் தனியொருவனின் வலிமையோடு குறையும் உண்டு. 1984இல் வெளிவந்த 'ஜெட் செட் வில்லி' அறுபது அறைகளுடன் மிகப் புகழ் பெற்றது. ஆனால் அதனை முடிக்க இயலாது. மேல்மாடி அறையிலே பறக்கும் அம்பொன்று திரைக்குரிய நினைவகத்தின் எல்லையைக் கடந்து சென்று, மற்ற அறைகளின் குறிப்புகளை அழித்துவிட்டது. அது வேண்டுமென்றே வைத்த பொறி என்று வெளியீட்டாளர் முதலிற் கூறினர். பின்னர் அது பிழையே என்றாயிற்று. திருத்தத்திற்குரிய எண்களைக் கண்டுபிடித்து அளித்தவர், விளையாட்டுப் போட்டியில் வென்ற இருவர். ஆக்கியோனின் தவற்றை ஆடியோர் திருத்தினர்.

இக்கலையில் பெயர் என்பதும் எளிதிற் கிடைத்ததன்று. அமெரிக்காவின் அடாரி நிறுவனம் விளையாட்டை எழுதியோரின் பெயரை அந்நாளில் வெளியிடுவதில்லை. அங்கே பணிபுரிந்த வாரன் ராபினெற், 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டில் மறைவான அறையொன்றை அமைத்து, அதற்குள் தன் பெயரை எழுதி வைத்தார். அங்கிருந்து விலகியோர் சிலர் 1979இல் அக்டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஆக்கியோரின் பெயரை வெளிப்படையாக அச்சிட்டனர். அவர்களுள் ஒருவராகிய டேவிட் கிரேன் 1982இல் எழுதிய 'பிற்ஃபோல்' நான்கு கிலோபைட்டுக்குள் 255 காட்சிகளைக் கொண்டிருந்தது. அமெரிக்க மாணவரான டக்ளஸ் ஸ்மித் 1983இல் வெளியிட்ட 'லோட் ரன்னர்' 150 கட்டங்களோடு நில்லாது, ஆடுவோரே புதிய கட்டங்களை அமைக்கும் வசதியையும் தந்தது. ஆடுவோனையும் ஆக்கியோனாக்கிய பெருமை அதற்கு உண்டு.

இனி, நாம் கருத வேண்டிய முடிவான செய்தி ஒன்று. ஜோர்டன் மெக்னர் என்னும் இளைஞர் தம் தம்பியை வெண்ணிற உடையில் ஓடவும் தாவவும் செய்து, படம் பிடித்து, அவ்வசைவுகளைப் புள்ளிபுள்ளியாகப் பார்த்து வரைந்து, 1989இல் 'பாரசீக இளவரசன்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். அதன் மூல நிரல் காணாமற்போயிற்று. 2012ஆம் ஆண்டில் அவருடைய தந்தையார் வீட்டு அலுமாரியில் ஒரு பெட்டிக்குள் பழைய தட்டுகள் கிடைத்தன. அறிந்தோர் துணையுடன் அவை படிக்கப்பெற்று, மூல நிரல் உலகோர்க்கு வழங்கப்பட்டது. அப்பெட்டியை ஒருவர் குப்பையில் எறிந்திருப்பாராயின் அது மீண்டிராது.

எம்பக்கத் தூண்கள் ஆறு நூற்றாண்டுகளாக நிற்கின்றன. காந்த நாடாவோ நாற்பது ஆண்டுகளிலேயே தளர்கின்றது. இருபருவ மழையும் மலைக்குளிரும் சேரும் நம் பகுதியில் அதன்மேற் பூஞ்சணம் படர அதிக காலம் ஆகாது. பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் 1980களின் நடுப்பகுதியிற் கணினிக்கெனத் துறையொன்று தோன்றியது. அக்காலந் தொட்டு மாணவரும் ஆசிரியரும் எழுதிய நிரல்கள், கையெழுத்துக் குறிப்புகள், நாடாக்கள் எவரது வீட்டிலேனும் இருக்குமாயின், அவை சிறுவர் விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கத் தக்கன அல்ல. அவற்றைப் படியெடுத்து, எழுதியவரின் பெயரையும் ஆண்டையும் உறையின்மேற் குறித்து, நூலகங்களிற் சேர்ப்பித்தல் வேண்டும். பல்லாங்குழியை ஆக்கியவனின் பெயரை நாம் இழந்தது அன்று எழுதி வைக்கும் வழக்கம் இல்லாமையால். எழுதவும் படியெடுக்கவும் வசதி படைத்த இக்காலத்தில் அவ்விழப்பு மீண்டும் நிகழுமாயின், பழியைக் காலத்தின்மேற் சுமத்த இயலாது.