கலனுக்கு எத்தனை மைல்?

மாமா ஒரு பழைய ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வாங்கினார். பெரிய வண்டி, பின்னால் ஒரு மாட்டை ஏற்றலாம். அவர் ஏற்றுவதோ சாப்பாட்டுப் பெட்டியை மட்டும்தான். ஒஸ்லோவிலிருந்து லில்லஸ்த்ரோமுக்கு வேலைக்குப் போக 2 மீல், வர 2 மீல். (நோர்வேக்காரரின் ஒரு மீல் 10 கிலோமீற்றர். உங்களுக்குத் தெரியும், உங்கள் அம்மம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம்.)

வண்டியைப் பார்க்க வந்த அப்பா முதலில் கேட்டது: "கலனுக்கு எத்தினை மைல் ஓடும்?"

மாமா சொன்னார்: "மீலுக்கு 0.9 லீட்டர்."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். அப்பாவின் கலன் பழைய பிரித்தானியக் கலன், நாலரை லீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். விடை ஏறத்தாழ 31 மைல். அப்பா சிரித்தார். "எங்கட ஏ40 ஓடின அளவுதான்."

அவர் சொன்னது ஒஸ்ரின் ஏ40 சமர்செட். 1952 முதல் 1954 வரை இங்கிலாந்தில் செய்த, 1200 சிசி எஞ்சின் கார். ஊரில் அது பல தசாப்தங்கள் ஓடியது. அதன் எடை ஒரு தொன் அளவு, ஹைலக்ஸின் எடை இரண்டு தொன் அளவு. எஞ்சின் தொழில்நுட்பம் இவ்வளவு வளர்ந்தும், அந்த வளர்ச்சியில் பெரும்பங்கை இரும்பைச் சுமக்கவே செலவழித்துவிட்டோம்.

ஆனால் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. அப்பா கேட்டதும் மாமா சொன்னதும் ஒரே விஷயமா? "கலனுக்கு எத்தனை மைல்" என்பவரின் கையில் இருப்பது ஒரு கலன்தான், அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்று தெரிய வேண்டும். "மீலுக்கு எத்தனை லீட்டர்" என்பவர் போகவேண்டிய தூரத்தை முடிவுசெய்துவிட்டார், எண்ணெய் எப்படியும் கிடைக்கும், செலவு மட்டும்தான் கேள்வி. அப்பா ஏன் இன்னும் முதல் கேள்வியையே கேட்கிறார் என்று விளங்க, 1990க்குப் போகவேண்டும்.

அந்த வருடம் ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்கு அரசாங்கம் பொருளாதாரத் தடை போட்டது. பெற்றோல், டீசல், பற்றரி எதுவும் போகக்கூடாது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் நின்றது. கள்ளமாக வந்த பெற்றோலின் விலையைக் கேட்டால் காரை விற்றுவிடலாம் போலிருக்கும். கொஞ்சமாவது கிடைத்தது மண்ணெண்ணெய்தான், அதுவும் அளவோடு.

அதனால் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இது கதை இல்லை, எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் விளங்கும். மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சினில் பற்றாது. அதன் ஒக்ரேன் எண்ணும் மிகக் குறைவு, இன்றைய எஞ்சினுக்குள் விட்டால் தட்டித் தட்டி உடைத்துவிடும். ஆனால் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய எஞ்சின்கள் காற்றையும் எண்ணெயையும் ஏழு மடங்கு அளவில்தான் அழுத்தின. அந்த மென்மையான அழுத்தத்தை மண்ணெண்ணெய் தாங்கியது. ஆகவே முதலில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல். எஞ்சின் பிடித்துச் சூடானதும் மண்ணெண்ணெய். புதிய ஜப்பான் கார்கள் கொட்டிலில் தூங்க, முப்பது நாற்பது வயதுக் கிழவர்கள் றோட்டில் புகை கக்கிக்கொண்டு ஓடினார்கள்.

இந்த யோசனை ஊரில் பிறந்ததல்ல. நோர்வேயில் வளர்ந்தவர்களுக்கு 'கிரோத்தாஸ்' தெரியும்தானே, சின்ன வயதில் பார்த்த அந்தச் சாம்பல் நிற உழவு இயந்திரம். அது பெர்குசன் ரி.ஈ.20. அதே குடும்பத்தில் ரி.ஈ.டி.20 என்றொரு வகை உண்டு. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய மலிவான எண்ணெய்க்கு மாறுவதற்காகவே தொழிற்சாலையில் செய்தது. அங்கே பொறியியலாளர் செய்ததை யாழ்ப்பாணத்து மெக்கானிக்மார் கராஜில் கைவசம் இருந்ததை வைத்துச் செய்தார்கள்.

விலை இல்லாமலும் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் கீழே வழிந்து எஞ்சின் ஓயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும், எஞ்சின் சீக்கிரம் தேயும். அதைவிடப் பெரிய விலை வீட்டில் இருந்தது. மின்சாரம் இல்லாத ஊரில் விளக்கும் அதே மண்ணெண்ணெயில்தான் எரிந்தது. காருக்குள் ஊற்றும் ஒவ்வொரு போத்தலும் ஒரு பிள்ளை படிக்கும் இரவுகள். எண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தல் விளக்கு வந்தது: போத்தலுக்குள் பஞ்சு, அதை நனைக்க மட்டும் கொஞ்சம் எண்ணெய், ஒரு சின்னத் திரி. இந்தக் கணக்கு தெரிந்தவர் கார் எடுக்குமுன் மூன்று முறை யோசிப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை 20 மைல் அளவு. நோயாளி இருந்தால் கார், இல்லாவிட்டால் சைக்கிள். பெரும்பாலானவர்களுக்கு எப்போதும் சைக்கிள்தான்.

இதை வறிய நாட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். ஒஸ்லோவும் இதைப் பார்த்திருக்கிறது. 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மனியர் நோர்வேக்குள் வந்தபின் சாதாரண மக்களுக்குப் பெற்றோல் கிடைப்பது அருமையானது. கார்களிலும் லொறிகளிலும் பஸ்களிலும் அடுப்புப் போன்ற ஒரு உருளையைப் பூட்டினார்கள். அதற்குள் 'க்னொத்' எனப்படும் சின்ன மரத்துண்டுகள். காற்றுக் குறைவாக எரியும் மரத்திலிருந்து காபன்மொனொக்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு வரும், அது எஞ்சினுக்குள் போகும். ஒரு லீட்டர் பெற்றோலின் வேலையைச் செய்ய 3 கிலோ அளவு மரம் வேண்டும். எஞ்சினின் பலம் மூன்றில் ஒரு பங்காவது குறையும். அந்த வாயு நஞ்சு என்பதால், மூடிய கராஜில் மூட்டினால் ஆளையே கொல்லும். அந்த நாள் ஒஸ்லோ சாரதியும் "இந்தச் சாக்கு எவ்வளவு தூரம் போகும்?" என்றுதான் கேட்டிருப்பார்.

போர் முடிந்தும் 1960 ஒக்ரோபர் வரை நோர்வேயில் நினைத்தவுடன் கார் வாங்க முடியாது, அனுமதி வேண்டும். 1969இல் வடகடலில் எக்கோபிஸ்க் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டது. இனிக் கவலை இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் 1973 டிசம்பரில், உலக எண்ணெய் நெருக்கடியில், வார இறுதியில் கார் ஓட்டத் தடை வந்தது. அப்போதுதான் அரசர் ஐந்தாம் ஊலாவ் பனிச்சறுக்குக்குப் போக ஹொல்மன்கொலன் ரயிலில் ஏறி, டிக்கெட்டுக்குக் காசு நீட்டினார். அந்தப் படத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள்.

சரி, மாமாவின் பிக்கப்புக்கு வருகிறேன். நோர்வேயில் கார் வாங்கும்போது கட்டும் வரி பெரிய வரி, 2007 முதல் அதில் காபனீரொட்சைட்டின் அளவையும் கணக்கெடுக்கிறார்கள். சாமான் ஏற்றும் வண்டிக்கு அந்த வரி குறைவு, பச்சை நம்பர் பிளேற். ஆனால் முன்வரிசை ஆசனம் மட்டும்தான் இருக்கலாம். பச்சை பிளேற் வண்டி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் பஸ்ஸில் போய்ப் பழகியவர்கள். தொழிலுக்கென்று கொடுத்த சலுகை, சாப்பாட்டுப் பெட்டி கொண்டுபோகிறவர்களுக்கும் உதவியது.

மாமாவைத் திட்டுமுன் ஒரு கணக்குப் பாருங்கள். மீலுக்கு 1.2 லீட்டர் குடிக்கும் பிக்கப்பை விட்டு 0.9 பிக்கப்புக்கு மாறினால், அப்பாவின் கணக்கில் கலனுக்கு 24இலிருந்து 31 மைல், 7 மைல் கூடுகிறது. 0.6 குடிக்கும் சின்னக் காரை விட்டு 0.5க்கு மாறினால் 47இலிருந்து 56, 9 மைல் கூடுகிறது. சின்னக் கார்தான் வென்றது போலத் தெரியும். உண்மையில் பிக்கப் மாற்றியவர் ஒவ்வொரு மீலுக்கும் மூன்று மடங்கு எண்ணெய் மிச்சம் பிடித்தார். இந்த மயக்கத்தை 2008இல் லாரிக், சோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். தினமும் ஒரே வழியில் வேலைக்குப் போகிறவருக்கு மாமாவின் கேள்விதான் பொருத்தம். எண்ணெய் தீர்ந்துகொண்டிருப்பவருக்கு அப்பாவினது.

2002 பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையோடு போர்நிறுத்தம் வந்து, ஏ9 வீதி திறந்து, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தாராளமாகப் போனது. அதற்குமுன்பே அப்பா ஒஸ்லோ வந்துவிட்டார். கேள்வியையும் கொண்டுவந்துவிட்டார்.

இப்போது மாமா மின்சாரப் பிக்கப் பார்க்கிறார். 2024இல் நோர்வேயில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது அளவு மின்சாரம்தான், அவருக்கும் ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் நோர்வே வாகனச் சங்கமான நாப், மின்சாரக் கார்களை நின்றுபோகும்வரை ஓட்டி, எது எவ்வளவு தூரம் போனது என்று வெளியிடும். போன கிழமை மாமா அந்தப் பட்டியலைத் திறந்துவைத்துக்கொண்டு அப்பாவுக்குப் போன் எடுத்தார். மீலுக்கு எத்தனை கிலோவாற் மணி என்று அவர் சொல்லவே இல்லை. "அத்தான், குளிருக்குள்ள ஒருக்கா சார்ஜ் பண்ணினா எத்தினை கிலோமீற்றர் ஓடும் எண்டு பாத்தனீங்களே?" என்றுதான் தொடங்கினார்.