காயல் குதிரைகளும் நாம் மறந்த பொறுப்பும்

இராவுத்தர் என்னும் பெயருக்குக் குதிரைவீரர் எனப் பொருள் சொல்லி நாம் பெருமை கொள்கிறோம். அக்குதிரைகள் இம்மண்ணில் எவ்வாறு வாழ்ந்தன என்று கேட்பது அரிது.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கீஷ் தீவின் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்பினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். காயல் உள்ளிட்ட துறைகள் அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் இருந்தன. குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தீனார். கடல்வழியில் இறந்தாலும் பாண்டியர் கருவூலமே விலையைக் கொடுக்கும்.

அக்காலத்தில் வந்த மார்க்கோ போலோ, வாங்கிய ஆயிரக்கணக்கான குதிரைகளில் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். வணிகர்கள் குதிரை வைத்தியரை உடன் அழைத்து வருவதில்லை, பிறர் வரவும் விடுவதில்லை. குதிரை மடிந்தால்தானே மறுவிற்பனை! எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆயினும் இழப்பு முழுவதும் வாங்குபவர் தலையில் என்ற ஒப்பந்தத்தோடு இக்குற்றச்சாட்டு பொருந்தவே செய்கிறது. அறிவுக்கும் பஞ்சமில்லை. பதினான்காம் நூற்றாண்டில் கெய்ரோவின் அபூபக்ர் அல்பைத்தார், சுல்தான் நாஸிர் முஹம்மதுக்காகக் குதிரை மருத்துவ நூலே எழுதினார்.

வறண்ட நிலத்துக் குதிரைக்கு நம் ஐப்பசி மழை கடுஞ்சோதனை. ஈரமும் பூச்சிக்கடியும் தோலைப் புண்ணாக்க, கிருமி உட்புகும். மயிர் கற்றையாக ஒட்டிப் பொருக்குக் கட்டும். பொருக்கை வறண்டபடி பிய்க்காமல், ஊறவைத்து மெல்ல நீக்கி, கிருமிநாசினியால் கழுவி, நன்கு உலர்த்த வேண்டும். உலர்ந்த லாயமே பாதி மருந்து. வட்டவட்டமாக மயிர் உதிரும் படர்தாமரையோ ஒரே தூரிகை, ஒரே சேணத்துணி வழியாகப் பரவுகிறது; மனிதருக்கும் தொற்றும். தோலில் கழலை கழலையாக உடைந்து சீழ் வடியும் ஃபார்சி நோய் அதனினும் கொடியது. அதற்காகவே ஆங்கில அரசு 1899இல் தனிச்சட்டம் இயற்றிற்று.

நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றோடு சேர்க்கலாகாது என நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. குதிரைக்கும் அதே நெறிதான்: முதலில் பிரித்துக் கட்டுதல், பிறகு மருந்து.

ஆவடியிலோ சேக்காட்டிலோ திருமண ஊர்வலத்துக்கு வாடகைக் குதிரை பேசும்போது, சரிகைத் துணியைத் தூக்கிச் சேணத்தின் அடியைப் பார்ப்போம். புண் இருந்தால் மாப்பிள்ளை நடந்தே வரட்டும். குதிரைக்காரரிடம் பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் அனுப்பிவைப்போம்.